காது, வயிறு, கால், கை: மார்கழி சீசனுக்கு ஒரு திட்டம்

நவம்பர் கடைசி வாரத்தில், சென்னையில் மார்கழிக் கச்சேரிகளை நடத்தும் சபாக்களின் அட்டவணைகள் வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கும். கிடைத்ததும் எல்லாரும் முதலில் செய்வது, பிடித்த வித்வான்களின் பெயரைச் சுற்றி வட்டம் போடுவது. போட்டு முடித்தால் கணக்கு இப்படி நிற்கும்: 4 மணிக்குத் தி. நகர், 7 மணிக்கு ராயப்பேட்டை, மறுநாள் காலை திருவான்மியூர். காகிதத்தில் எல்லாம் சரிதான். தெருவில் இறங்கினால், 4 மணிக் கச்சேரியில் தனி ஆவர்த்தனம் (தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) தொடங்கும்போதே எழுந்து ஓட வேண்டும். போய்ச் சேரும்போது 7 மணிக் கச்சேரியில் வர்ணமும் முதல் கிருதியும் போயிருக்கும். இரண்டு டிக்கெட் வாங்கி ஒன்றரைக் கச்சேரி கேட்ட கதை. சாப்பாடு கணக்கிலேயே வராது.

இதற்கு ஒரு மருந்துதான் உண்டு: ஒரு நாளைக்கு ஒரு வட்டாரம். வித்வானைப் பார்த்து இடத்தை முடிவு செய்யாமல், இடத்தை முடிவு செய்துவிட்டு அங்கே யார் பாடுகிறார் என்று பாருங்கள். மூன்று வாரத்தில் பெரிய பெயர்கள் ஒவ்வொருவரும் பல மேடைகளில் பாடத்தான் போகிறார்கள். ஏதோ ஒரு நாள் உங்கள் வட்டாரத்துக்கு வருவார்கள்.

வட்டாரங்கள் என்று பார்த்தால் மூன்று நான்குதான். முதலாவது டி.டி.கே. சாலை, மயிலாப்பூர், லஸ். டி.டி.கே. சாலையும் கதீட்ரல் சாலையும் சந்திக்கும் முனையில் மியூசிக் அகாடமி. அதே சாலையில் ஆழ்வார்பேட்டைப் பக்கம் நடந்தால் நாரத கான சபா. முசிறி சுப்பிரமணியம் சாலையில் (பழையவர்களுக்கு ஆலிவர் ரோடு) மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப். லஸ் அவென்யூவில் ராக சுதா ஹால், சுந்தரேஸ்வரர் தெருவில் ரசிக ரஞ்சனி சபா, கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன். நடந்தே சுற்றலாம், இல்லாவிட்டால் சின்ன ஆட்டோ சவாரி. இரண்டாவது தி. நகர்: வாணி மகால், கிருஷ்ண கான சபா, பாரத் கலாச்சார். மூன்றாவது திருவான்மியூர், அடையாறு: கலாக்ஷேத்ரா அங்கேதான். பலர் மறந்துவிடும் நான்காவது பாரிமுனைப் பக்கம், தமிழ் இசைச் சங்கத்தின் ராஜா அண்ணாமலை மன்றம். ஐகோர்ட் மெட்ரோ நிலையத்திலோ கடற்கரை ரயில் நிலையத்திலோ இறங்கினால் போதும். பார்க்கிங் தேடும் வேலையே இல்லாத ஒரே சீசன் மேடை அது என்று சொல்லலாம்.

கார் வேண்டாம். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை முடியும்வரை லஸ் முனையிலும் ஆழ்வார்பேட்டையிலும் பனகல் பார்க்கிலும் போன மாதம் போன வழியில் இந்த மாதம் போக முடியாது. மயிலாப்பூருக்குப் பறக்கும் ரயிலில் திருமயிலை. அகாடமிக்கு மெட்ரோ என்றால் ஏ.ஜி.-டி.எம்.எஸ். நிலையத்தில் இறங்கி ஆட்டோ. இரவுக் கச்சேரி முடிந்ததும் வாசலிலேயே ஆட்டோவுக்குச் செயலியைத் திறக்காதீர்கள். அதே நிமிடம் நூறு பேர் திறப்பார்கள், கட்டணம் ஏறும். இரண்டு தெரு தள்ளி நடந்துபோய்த் திறந்தால் வண்டியும் சீக்கிரம் வரும்.

தேதிகள். அகாடமி டிசம்பர் 15-ல் தொடங்கி ஜனவரி 1 சதஸோடு (விருது வழங்கும் விழா) முடியும். 3-ம் தேதி முதல் நாட்டிய விழா. தமிழ் இசைச் சங்க விழா வழக்கமாக டிசம்பர் 21 வாக்கில் ஆரம்பிக்கும், அதோடு பண் (பழந்தமிழ் ராகம்) ஆராய்ச்சிக் கூட்டமும் உண்டு. கிருஷ்ண கான சபாவின் நாட்டியக் கலா மாநாடு டிசம்பர் கடைசியில், காலை நேரத்தில். 1981 முதல் நடக்கிறது. நடனம் கற்பவர்கள் மாலை நிகழ்ச்சிகளைவிட இதற்குப் போவது நல்லது. மார்கழிக்கும் இசை சீசனுக்கும் ஆதிகாலத்துத் தொடர்பு என்று பலர் நினைக்கிறார்கள். கோயில் பஜனைக்கு அது பொருந்தும், சபா சீசனுக்குப் பொருந்தாது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதையொட்டி ஓர் அகில இந்திய இசை மாநாடு நடந்தது. அதில் எழுந்த யோசனைதான் 1928-ல் அகாடமி ஆனது. கிறிஸ்துமஸ் விடுமுறை வசதியாக அமைந்தது, மாதம் ஒட்டிக்கொண்டது.

இனி நேரம். பெரிய சபாக்களின் நாள் ஏறக்குறைய ஒரே அச்சில் ஓடும். காலை 8 மணி வாக்கில் சொற்பொழிவு விளக்கம் (லெக்டெம்), நண்பகல் 12-க்கும் 2-க்கும் இளையவர்கள், 4-க்கு அடுத்த தட்டு, 7-க்கு முன்னணி. அகாடமியில் காலை விளக்கமும் பகல் கச்சேரிகளும் இலவசம், மாலை இரண்டுக்கும் டிக்கெட். பாரதிய வித்யா பவனில் பெரும்பாலும் எல்லாமே இலவசம். முன்னணி வித்வான் என்றால் ஒரு மணி நேரம் முன்னால் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு நாளில் ஒரே ஒரு கச்சேரிக்குத்தான் நேரம் என்றால் 12 மணிக் கச்சேரியைத் தேர்ந்தெடுங்கள். அந்த வயதில் ஓர் ஆண்டு உழைத்துத் தயாரித்ததை ஒன்றரை மணி நேரத்தில் வைத்தாக வேண்டும். வீணாக ஒரு நிமிடம் இருக்காது. அரங்கும் பாதி காலியாக இருக்கும், எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். முதல் வரிசை வேண்டாம். அங்கே ஒலிபெருக்கிக்குக் கீழே மாட்டிக்கொண்டால் மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியின் கும்காரம் மட்டும்தான் காதில் விழும், வயலின் தொலைந்துபோகும். நடுவரிசையில், நடைபாதை ஓரம் நல்லது. நாட்டியத்துக்கு மட்டும் முன்னால் நடுவில் உட்காருங்கள், அபிநயம் கண்ணில்தான் இருக்கிறது. லெக்டெமுக்கு நோட்டுப் புத்தகம் எடுத்துப் போங்கள். அங்கே ராகங்களின் பெயரும் மேளமும் (தாய் ராகம்) வேகமாகப் போகும், பிறகு கேட்க ஆள் கிடைக்காது.

மாலைக் கச்சேரி இரண்டரை மணி நேரம் என்றால் பிரதான உருப்படி ஒன்றேகால் மணிக்குப் பிறகு வரும், அதன் கடைசியில் தனி. தனி தொடங்கியதும் அரங்கில் ஒரு சலசலப்பு கேட்கும். கேன்டீனுக்குப் போகிறவர்களும் பேருந்துக்குப் போகிறவர்களும் ஒரே நேரத்தில் எழும் சத்தம் அது. மிருதங்க வித்வானுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருக்கும் என்பது ஒரு பக்கம். நடைமுறைக் காரணம் இன்னொன்று: அந்தப் பத்து நிமிடத்தில்தான் கேன்டீன் வரிசை மிக நீளம்.

இப்போது கேன்டீனுக்கே வருவோம். சீசனில் பாதிப் பேர் வருவது இதற்குத்தான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எந்த சபாவில் யார் சமையல் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகையால் போன வருஷம் நன்றாக இருந்த இடத்துக்கு இந்த வருஷமும் கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். டிசம்பர் 15-க்குள் யார் எங்கே இலை போடுகிறார் என்று விசாரித்துவிடுங்கள். கச்சேரி டிக்கெட் இல்லாமலே கேன்டீனில் சாப்பிடலாம், பெரும்பாலான சபாக்களில் யாரும் கேட்க மாட்டார்கள்.

இலைச் சாப்பாடு 11 மணி வாக்கில் தொடங்கும். நெரிசல் 1.15-லிருந்து 2 வரை. 12 மணிக் கச்சேரி விட்டதும் கூட்டம் மொத்தமாக வந்து விழும். முதல் பந்தியில், 11.15-க்கே உட்காருங்கள். ரசமும் கூட்டும் அப்போதுதான் இறங்கியிருக்கும், அப்பளம் நமுத்திருக்காது. கடைசிப் பந்தியில் குழம்பு அடிவண்டலாகவும், கறி பாதி தீர்ந்ததால் வேறொன்று மாற்றியும் வரும். முதல் பந்திக்கு ஒரு ஆபத்து உண்டு: பருப்பு, நெய், பாயசம் எல்லாம் முடித்துவிட்டு ஏசி அரங்கில் உட்கார்ந்தால் ஆலாபனை தாலாட்டாகிவிடும். பாயசத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், மோர் சாதத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

டிபனுக்கு 3.15-லிருந்து 3.50 வரை நல்ல நேரம். 6.15-லிருந்து 6.50 வரை போகவே போகாதீர்கள், 4 மணிக் கச்சேரி விட்ட கூட்டமும் 7 மணிக்கு வரும் கூட்டமும் அங்கே மோதிக்கொள்ளும். எதைக் கேட்பது என்பதிலும் கணக்கு இருக்கிறது. கீரை வடை, வாழைப்பூ வடை, போண்டா எல்லாம் எண்ணெய்ச் சட்டியிலிருந்து நேரே வந்தால்தான் பொருள். தட்டில் குவித்து வைத்திருந்தால் தொடாதீர்கள், "அடுத்த ஈடு எப்போ?" என்று கேட்டுவிட்டு நில்லுங்கள். அடைக்குக் கல்லில் நாலைந்து நிமிடம் வேண்டும். அவசரத்தில் எடுத்தால் ஓரம் மொறுமொறு, நடுவில் பச்சை மாவு. ஆகவே கூட்டமான நேரத்தில் அடை, ரவா தோசை இரண்டையும் விட்டுவிடுங்கள். சேவை, காஞ்சிபுரம் இட்லி, அரிசி உப்புமாவும் கத்தரிக்காய் கொத்சும் போன்றவை செய்து வைத்தாலும் கெடாதவை. நெரிசலில் அவைதான் நம்பிக்கையானவை. காபியில் ஏமாறுவது டிகாக்ஷனில். கூட்டம் ஏறினால் இரண்டாம் டிகாக்ஷன் கலக்க ஆரம்பித்துவிடுவார்கள், நிறம் இருக்கும், வாசனை இருக்காது. டிகாக்ஷனை அடுப்பின் மேலேயே வைத்திருந்தால் கசப்பு ஏறும். காலை 7.30-க்கும் மாலை 3.30-க்கும் குடிக்கிற காபிதான் காபி.

கேன்டீன் அலுத்துவிட்டால் மாட வீதிகள் இருக்கின்றன. அருண்டேல் தெருவில் ராயர் மெஸ், உட்காரச் சில இடங்களே. காலை 7 மணிக்கே போனால் காத்திருப்பு குறைவு. பொன்னம்பல வாத்தியார் தெரு ஜன்னல் கடையில் ஜன்னல் வழியாக வாங்கி நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். 1927 முதல் இருக்கும் காளத்தி கடையின் ரோஸ்மில்க் வெயில் ஏறியபிறகு. மாட வீதிக்கு விடியற்காலையில் வந்தால் மார்கழி பஜனையைக் கேட்கலாம். பாபநாசம் சிவன் கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றி நடத்திய வழக்கம் அது, இன்னும் நடக்கிறது. அதற்கு டிக்கெட்டும் கிடையாது, இருக்கையும் கிடையாது, நல்ல செருப்பு மட்டும் வேண்டும்.

ஒன்றை மட்டும் கேன்டீனில் எதிர்பார்க்காதீர்கள்: கூடாரவல்லி (திருப்பாவை 27-ம் பாசுர நாள்) அக்காரவடிசல். மார்கழி 27, அதாவது ஜனவரி 11 வாக்கில் வரும், அதற்குள் பல கேன்டீன்கள் பந்தலைப் பிரித்துவிடும். வீட்டிலேயே செய்யலாம். பச்சரிசி ஒரு டம்ளர், பயத்தம்பருப்பு கால் டம்ளர், பால் ஆறு டம்ளர், வெல்லம் இரண்டு டம்ளர், நெய் அரை முதல் முக்கால் டம்ளர். அரிசியையும் பருப்பையும் லேசாக நெய்யில் வறுத்து, பாலிலேயே குழையக் குழைய வேகவையுங்கள், அடிக்கடி அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டு. கெடுவது இரண்டு இடத்தில். அரிசி முழுக்கக் குழைவதற்கு முன் வெல்லம் சேர்த்தால் அதற்குப் பிறகு அரிசி வேகாது, எவ்வளவு நேரம் கிளறினாலும் விரை விரையாகவே நிற்கும். கொதிக்கும் பாலில் வெல்லத்தைப் போட்டால் பால் திரிந்துவிடும். வெல்லத்தைத் தனியே கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, சூடு சற்று ஆறியபின், அடுப்பைக் குறைத்துவிட்டு ஊற்றுங்கள். நெய்யைக் கடைசியில் ஒரேயடியாக விடாமல் இரண்டு மூன்று தடவையாக விட்டால் ஒட்டாமல் திரண்டு வரும்.

உடுப்பு. வெளியே இருபது டிகிரிக்கு அதிகம் கீழே போவது அபூர்வம். சென்னையில் குளிர் எங்கே என்று யாராவது கேட்டால் சபாவுக்குள் என்று சொல்லுங்கள். சால்வை கட்டாயம், காது மூடும் துணி வயதானவர்களுக்கு. திறந்தவெளி நிகழ்ச்சிகளுக்குக் கொசுக் களிம்பு. குடையை மறக்காதீர்கள்: டிசம்பர் முதல் பாதி இன்னும் வடகிழக்குப் பருவமழைக் காலம்தான். 2016 டிசம்பர் 12-ல் வர்தா, 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம். 15-ம் தேதிக்கு முன் திறந்தவெளி நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுத்தால், மழை வந்தால் பணம் திரும்புமா, தேதி மாறுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் கூட்டம் சபாவிலிருந்து தெருவுக்கு வந்துவிடும். முதல் அல்லது இரண்டாம் வாரக் கடைசியில் மயிலாப்பூர் திருவிழா, வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி. நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. திடலில் புத்தகக் காட்சி. 1977-ல் தொடங்கியது, இப்போது நூற்றுக்கணக்கான அரங்குகள். வழக்கமான தள்ளுபடி பத்து சதவீதம். வார நாளில் திறந்த உடனே போங்கள், ஞாயிறு மாலை போனால் புத்தகத்தின் முதுகைக்கூடப் பார்க்க முடியாது. பொங்கலையொட்டி அரசின் சென்னை சங்கமம். 2007-ல் ஆரம்பித்தது, நடுவில் பல ஆண்டுகள் நின்றுபோய் 2023-ல் மறுபடி வந்தது. பறை, ஒயிலாட்டம், தெருக்கூத்து எல்லாம் பூங்காக்களிலும் திடல்களிலும். சபா சீசனை மட்டும் கேட்டுவிட்டு சென்னையின் கலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் அவசியம் ஒரு மாலை ஒதுக்க வேண்டும்.

கடைசியாகக் கை, அதாவது கொடுப்பது. இந்த ஊரில் கச்சேரிக்கும் தர்மத்துக்கும் பழைய சம்பந்தம். 1974-ல் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கு மகசேசே விருது கிடைத்தது பொதுச்சேவைப் பிரிவில். கச்சேரி நடத்திப் பொதுக்காரியங்களுக்கு நிதி திரட்டித் தந்ததற்காக. இன்றும் டிசம்பர், ஜனவரியில் மருத்துவமனைக்கு, முதியோர் இல்லத்துக்கு, பள்ளிக்கு என்று நிதிக் கச்சேரிகள் வரும். டிக்கெட் வாங்குமுன் மூன்று கேள்விகள்: பணம் எந்தப் பெயரில் எந்தக் கணக்குக்குப் போகிறது, செலவு போக மிச்சமா அல்லது முழுத் தொகையுமா, போன வருஷம் எவ்வளவு சேர்ந்தது. பதில் சொல்லத் தயங்கினால் கச்சேரியைக் கேளுங்கள், நன்கொடையை வேறு இடத்தில் கொடுங்கள். நிகழ்ச்சி பார்க்க வாங்கிய டிக்கெட் நன்கொடை ஆகாது. வரிவிலக்கு எண்ணமிருந்தால் தனியே காசோலை அல்லது யுபிஐ மூலம் கொடுத்து ரசீதும் சான்றிதழும் வாங்குங்கள். ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் விலக்கு இல்லை. அரிசியாகவோ துணியாகவோ கொடுத்தாலும் இல்லை. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு எதற்கும் இல்லை.

சாப்பாடு கொடுக்கிறவர்கள்தான் அதிகம் தவறு செய்கிறார்கள். வீட்டு விசேஷத்தில் மிஞ்சியதை இரவு பத்து மணிக்குப் பொட்டலம் கட்டி நடைபாதையில் வைத்துவிட்டுப் போவது தர்மம் அல்ல. வடித்த சாதம் வெளிச்சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் அதில் பெருகும் கிருமி ஒரு நஞ்சை விட்டுவிடும், மறுபடி சூடாக்கினாலும் அது போகாது. சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் கைக்குப் போய்ச் சேர வேண்டும், அல்லது கைபொறுக்காத சூட்டிலேயே மூடி வைத்திருக்க வேண்டும். தேங்காய்ச் சட்னி முதலில் கெடும், அதை அனுப்பவே வேண்டாம். புளியோதரை தாங்கும். மிச்சம் வரும் என்று தெரிந்தால் விசேஷத்துக்கு முந்தின நாளே உணவு மீட்புக் குழு ஒன்றிடம் சொல்லிவைத்தால் வண்டியோடு வருவார்கள். நோ ஃபுட் வேஸ்ட், ராபின் ஹூட் ஆர்மி இரண்டும் சென்னையில் உண்டு. இதற்கெல்லாம் நேரமில்லை என்றால் கோயில் அன்னதானத் திட்டத்துக்கு ஒரு நாள் செலவைக் கட்டிவிடுங்கள். அங்கே சமையலறையும் பந்தியும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது.

மழை நிவாரணத்துக்குப் பழைய துணி மூட்டை அனுப்பாதீர்கள். ஈரத்தில் அதைப் பிரித்து அளவு பார்க்க யாருக்கும் கை இருக்காது, கடைசியில் குப்பையாகும். புதுப் பாய், போர்வை, நாப்கின், குழந்தைக்கு டயப்பர், தார்ப்பாய். அனுப்புமுன் வாங்குகிறவர்களிடம் இன்றைக்கு எது தேவை என்று ஒரு போன்.

ரத்தத்துக்கும் இது தட்டுப்பாட்டுக் காலம். முகாம்கள் பெரும்பாலும் கல்லூரிகளை நம்பி நடக்கின்றன, விடுமுறையில் அவை நின்றுபோகும். தட்டணுக்களை ஐந்து நாளுக்கு மேல் சேமிக்க முடியாது என்பதால் டிசம்பர் முதல் வாரம் கொடுத்தது கிறிஸ்துமஸுக்கு உதவாது. 18 முதல் 65 வயதுக்குள், 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆண்களுக்கு 90 நாள் இடைவெளி, பெண்களுக்கு 120. காலி வயிற்றோடு போகாதீர்கள். கொடுத்த அன்றைக்குப் பகல் கச்சேரி மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி வீட்டுக்குச் சீக்கிரம் வந்துவிடலாம்.

கலைஞர்களுக்குக் கொடுப்பது என்றால், பகல் நேரத்து இளையவர்களைப் பாருங்கள். பல இடங்களில் அவர்களுக்குக் கிடைக்கும் சன்மானம் பக்கவாத்தியக்காரர்களின் வண்டிச் செலவோடு தீர்ந்துவிடும். இலவசக் கச்சேரி என்று உள்ளே போனவர்கள் வெளியே வரும்போது உண்டியலில் ஒரு தொகை போட்டுவிட்டு வரலாம். சபாவில் உண்டியல் இல்லையென்றால் செயலாளரைத் தேடிப் பிடித்து இன்னார் பெயருக்கு என்று சொல்லி ரசீது வாங்குங்கள். ரொக்கத்தைக் கச்சேரி முடிந்த கையோடு மேடையிலேயே நீட்டாதீர்கள், உறையில் போட்டு மேடைக்குப் பின்னால் கலைஞர்கள் அறையில் கொடுங்கள். தம்புரா மீட்டியவருக்கும் ஒரு உறை.